மலையாகிப்போன சுவரொட்டிகள்

“தேதி?”

“போயிடுச்சு.”

“கிழி.”

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த நீளச் சுவரிலிருந்து இந்தப் பேச்சு வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் விடிந்திருந்தது, தெருவில் வேறு ஆளில்லை. தேநீர் குடிக்கக் கிளம்பிய நான் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொண்டு பார்த்தேன். எங்கள் பள்ளியின் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மூவர். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு ஈரக் கோணி, ஒரு கொத்தனார் கரண்டி.

அஞ்சலை ஒவ்வொரு சுவரொட்டியாகக் காட்டித் தேதி கேட்பாள். மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த சடையன் அதைப் பார்த்துப் பதில் சொல்வான். ஏழுமலை ஈரக் கோணியை அழுத்தித் தேய்த்துக் கரண்டியை நுழைத்து உரிப்பான். பழைய பசையோடு நாலைந்து அடுக்குக் காகிதம் தோல் மாதிரி ஒரே இழுப்பில் கழன்று வரும். ஈரமான மைதா மாவின் புளித்த வாடை தெருவுக்கே வந்தது.

“என்ன பிள்ளைகளா இது?” என்றேன்.

“கூழுக்குக் காயிதம் சார்,” என்றாள் அஞ்சலை, திரும்பாமலே. “நீங்க டீ குடிக்கப் போங்க சார். இது மாணவருங்க வேலை.”

போனேன். வேறு வழியில்லை. அரசாங்கமே அப்படித்தான் உத்தரவு போட்டிருந்தது.

ஆசிரியர் கை வைக்கக் கூடாது

இந்தத் தொடரில் நான் தேதிகளை அள்ளிப் போடுவதாகப் பத்திரிகை ஆசிரியர் குறைபட்டுக்கொண்டார். “வாசகர்கள் பஞ்சாங்கம் கேட்கவில்லை” என்று அவர் எழுதிய அஞ்சலட்டை என் மேசைமேல் இருக்கிறது. (அஞ்சல் முத்திரையின் தேதியைக் குறித்துக்கொண்டேன், பழக்கம்.) ஆகவே இந்த வாரம் தேதி இல்லை. இட ஒதுக்கீட்டுப் போராட்ட ஆண்டுகள் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் புரியும். மறியலுக்காக வெட்டிய புளியமரம் சாலையின் குறுக்கே கிடந்த காலம். வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரு மாற்றுச் சட்டையும் ஒரு புத்தகமும் பையில் வைத்துக்கொண்ட காலம். உளுந்தூர்பேட்டை முனையில் மாட்டிக்கொண்டு லாரிக்காரர்களோடு பரோட்டா தின்றபடியே ஒரு தடித்த ரஷ்ய நாவலைப் பாதிவரை படித்து முடித்திருக்கிறேன். மறியல் முடிந்து பேருந்து கிளம்பியபோது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அந்த நாளில்தான் மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கான சுற்றறிக்கை வந்தது. கடலூரில் கண்காட்சி. செயல்திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது, திட்டமிடுவது, செய்வது எல்லாம் மாணவரே. பொறுப்பாசிரியர் என்று ஒருவர் இருக்கலாம், மாணவர் கேட்டால் பதில் சொல்லலாம். கை வைக்கக் கூடாது. வாரம் ஒருமுறை மாணவர்கள் கூடி உட்கார்ந்து மூன்று கேள்விகளைப் பேச வேண்டும். என்ன நடந்தது? எங்கே தப்பு? அடுத்து என்ன?

யாரும் ஏற்காத வேலை என்பதால், புதிதாக வந்த வரலாற்று வாத்தியாரான என் தலையில் வந்து விழுந்தது.

எனக்கு அந்தச் சுற்றறிக்கை பிடித்திருந்தது. அதற்குக் காரணம் ரிஷிவந்தியம். அங்கே நான் எட்டாவது படித்தபோது எங்கள் அறிவியல் வாத்தியார் அட்டையில் ஒரு கலங்கரை விளக்கம் செய்தார். வெட்டியது அவர், ஒட்டியது அவர், வண்ணம் அடித்தது அவர் மனைவி. என் பெயரை எழுதி என்னைப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். பார்வையிட வந்த அதிகாரி, “தம்பி, இது எப்படி எரிகிறது?” என்று கேட்டார். “சாரைக் கேளுங்க,” என்றேன். எனக்குப் பரிசு கிடைத்தது. இன்றுவரை அது எப்படி எரிந்தது என்று எனக்குத் தெரியாது.

பழுப்பு நிறத் தீற்றல்

முதல் கூட்டத்தில் பிள்ளைகள் எரிமலை என்றார்கள். பிறகு அணைக்கட்டு. பிறகு, எல்லோரும் சலித்து ஓய்ந்த பிறகு, கண் என்றார்கள்.

சடையன் எழுந்தான். பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாத ஆள் அவன். பள்ளியில் இருந்த ஒரே மாவட்ட வரைபடத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து எல்லோர் மூக்குக்கும் நேராகக் காட்டினான். அதில் கல்வராயன் மலை ஒரு பழுப்பு நிறத் தீற்றல். அவ்வளவுதான்.

“இதுல எங்க ஊரு எங்க? காட்டுங்க பாப்போம். கச்சிராயபாளையம் வரைக்கும் போட்டிருக்கான். அதுக்கு மேல இன்னா, யாரும் இல்லியா? வெள்ளிமலை இல்ல, கரியாலூரு இல்ல, சேராப்பட்டு இல்ல. டீ சிந்திட்டானா அங்க?”

சிரிப்பு அடங்கியதும் அஞ்சலை கேட்டாள். “மலைய அப்படியே செஞ்சா? மேடு பள்ளத்தோட?”

முடிவாகிவிட்டது. பத்து நிமிடத்தில் அஞ்சலை தலைவி ஆகிவிட்டாள். யாரும் ஓட்டுப் போடவில்லை. கேள்வி கேட்டவள் அவள் என்பதால் எல்லோரும் அவளையே பார்த்தார்கள், அவ்வளவுதான்.

அஞ்சலையின் வீடு ஏரிக்கரைத் தெருவில். கழனி வேலைக்கும் மூட்டை தூக்கவும் போகிற குடும்பங்கள் வாழும் தெரு, போராட்டத்தில் சேராத தெரு. அவள் அப்பா கரும்பு லோடு ஏற்றுகிறவர். ஏழுமலை ஊருக்கு நடுவே இருக்கும் பெரிய தெருவில் தாய்மாமன் வீட்டில் தங்கிப் படித்தான். அந்த மாமா கோதண்டபாணி உரக்கடை வைத்திருந்தார். போராட்டத்துக்கு எங்கள் ஊர்ப் பொறுப்பாளரும் அவர்தான்.

உடைந்த கரும்பலகை அடித்தளமாயிற்று. வனத்துறைக்காரர் ஒருவரிடம் நான் இரவல் வாங்கிய மலை வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கி வரைந்து, அட்டையைப் படிப்படியாக வெட்டி அடுக்கினார்கள். அதன்மேல் பூசக் காகிதக் கூழ் வேண்டும். வீட்டில் முறத்துக்கும் கூடைக்கும் பூசுகிறோமே, காகிதத்தை ஊறவைத்து வெந்தயம் சேர்த்து ஆட்டி எடுக்கிற கூழ், அதேதான். ஆனால் முறத்துக்கு ஒரு பிடி போதும். மலைக்கு?

பழைய வினாத்தாள்கள் ஒரு வாரத்தில் தீர்ந்தன. அவை மலை அடிவாரத்தில் இருக்கும் கோமுகி அணைவரைக்கும்கூடப் பூசக் காணவில்லை.

சுவரில் இருந்த வரலாறு

அப்போதுதான் ஏழுமலை ஒரு தகவல் சொன்னான். “ஊர்ல இருக்கிற காயிதம் பூரா செவுத்துலதான் சார் ஒட்டிக்கினு கீது.”

உண்மை. அந்தப் பருவத்தில் கள்ளக்குறிச்சியில் வெறும் சுவர் கிடையாது. ஆதரித்து ஒரு சுவரொட்டி, எதிர்த்து ஒரு சுவரொட்டி, இரண்டுக்கும் நடுவே சமாதானம் சொல்லும் ஆளுங்கட்சி, அதன் மூலையை மறைத்துக் கண்ணீர் அஞ்சலி. நான் கற்றுக்கொடுக்கும் பாடத்தில் அகழாய்வு என்று ஒரு பத்தி உண்டு. அதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்கப் பேருந்து நிலையத்து எதிர்ச் சுவரே போதுமாக இருந்தது. மேலே நேற்றைய கூட்டம், அதன் கீழே தீபாவளிப் படம், அதன் கீழே பூச்சிமருந்து, அதன் கீழே யாரோ ஒருவருடைய காதுகுத்து, எல்லாவற்றுக்கும் அடியில் என்றோ தோற்றுப்போன ஒரு வேட்பாளரின் கும்பிடும் கைகள்.

அஞ்சலை ஒரு சட்டம் போட்டாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமையாக இருக்கிறது, தேதி விஷயம் என்பதால்.

“தேதி தாண்டின போஸ்டரத்தான் கிழிக்கணும். கூட்டம் முடிஞ்சிட்டா அது குப்பை. முடியலன்னா தொடக் கூடாது. யாருதா இருந்தாலும் சரி.”

“எங்க மாமாதும் இருக்குமே,” என்றான் ஏழுமலை.

“தேதி தாண்டிச்சா?”

“தாண்டினா?”

“கிழி.”

இதில் ஒரு வேடிக்கை. மாமாவின் சுவரொட்டிகளை ஒட்டுகிறவனே ஏழுமலைதான். கடையில் பசை காய்ச்சி, மாடு தின்னாமல் இருக்க மயில்துத்தம் கலந்து, வாளியும் துடைப்பக்கட்டையுமாக அவனே தெருத் தெருவாகப் போய் ஒட்டுவான். கூட்டம் முடிந்ததும் திட்டத்துக்காக அவனே வந்து உரிப்பான். “நானே ஒட்டி நானே கிழிக்கிறேன், கவர்மெண்ட்டு வேலை மாதிரி கீது சார்,” என்பான்.

கூழ் வாளி வாளியாகத் திரண்டது. சிவப்பும் மஞ்சளும் நீலமும் கரைந்து, ஆட்ட ஆட்ட ஒரு மாதிரிச் சாம்பல் கலந்த மண் நிறத்துக்கு வந்தது. “எங்க மலை இதே கலருதான் சார், கோடையில,” என்று சடையன் மோந்துகூடப் பார்த்தான்.

தவறின தேதி

ஆரம்பத்தில் சொன்ன விடிகாலைக்குத் திரும்பி வருகிறேன்.

அன்று அவர்கள் உரித்தவற்றில் கோதண்டபாணியின் சுவரொட்டிகள் ஒரு வரிசை முழுக்க இருந்தன. தலைவர் படம் போட்டது. விளக்கக் கூட்டம், போன வியாழக்கிழமைத் தேதி. சந்தேகத்துக்கே இடமில்லை.

பதினோரு மணி இடைவேளையில் அலுவலகத்துக்குத் தேநீர் கொண்டுவந்தவர் ஒரு செய்தி சொன்னார். மழையால் அந்தக் கூட்டம் தள்ளிப்போயிருக்கிறது. புதுத் தேதியைச் சின்னச் சீட்டாக அச்சடித்துப் பழைய தேதிமேல் ஒட்டியிருக்கிறார்கள். அந்தச் சமயம் ஏழுமலை சொந்த ஊரான ரிஷிவந்தியத்தில் திருவிழாவுக்குப் போயிருந்தான், அவனுக்குத் தெரியாது. சீட்டுகள் எப்படியோ விழுந்துவிட்டன. நடக்கப்போகிற கூட்டத்தின் சுவரொட்டியை, தலைவர் முகத்தோடு, பிள்ளைகள் வரிசையாக உரித்துவிட்டார்கள்.

யார் கிழித்தது என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரியாததால் ஊரே ஒரு முடிவுக்கு வந்திருந்தது.

“ஏரிக்கரைத் தெரு பசங்கதான் சார். வேற எவனுக்குத் தைரியம் வரும்? இன்னிக்கு சாயங்காலம் போய்க் கேக்கப் போறாங்களாம்,” என்றார் தேநீர்க்காரர். ‘கேட்பது’ என்றால் அந்த மாதங்களில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

மதியம் தலைமையாசிரியர் மணி அடித்து எல்லோரையும் திடலில் நிறுத்தினார். நல்ல மனிதர். ஓய்வு பெற ஒரு வருடம்கூட இல்லை. அதுவரை ஊரில் ஒரு சத்தமும் வரக்கூடாது என்பது ஒன்றே அவர் வேண்டுதல். பள்ளிச் சுவரில் இருந்த சுவரொட்டியும் போயிருந்தது.

“இந்தப் பள்ளிப் பிள்ளைங்க யாராவது இதுல சம்பந்தப்பட்டிருந்தா, ஆணா பொண்ணான்னு பாக்க மாட்டேன். டி.சி.தான். அன்னிக்கே.”

பொதுத்தேர்வு எழுதவேண்டிய வருடம். வருட நடுவில் மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பினால், வேறு பள்ளி தேடி அலைய ஏழுமலைக்கு மாமா இருந்தார். அஞ்சலைக்குக் கரும்பு வயல்தான் இருந்தது. அதை அவளும் அறிந்திருந்தாள்.

மூன்று கேள்விகள்

வாரக் கூட்டம் வெள்ளிக்கிழமை. அஞ்சலை அதை அன்றே, திங்கட்கிழமையே கூட்டினாள். கடைசி மணி அடித்ததும் அறிவியல் கூடத்தில், முக்கால்வாசி பூசிய மலையைச் சுற்றி மூவரும் உட்கார்ந்தார்கள். நான் ஒரு முக்காலியில்.

“மொதக் கேள்வி. இன்னா நடந்தது?”

“கிழிச்சோம்,” என்றான் சடையன்.

“எங்க தப்பு?”

“தேதி.”

“அடுத்து இன்னா பண்றது?”

வாளியில் கூழ் ஒரு குமிழி விட்டது.

“சும்மா இருந்துடலாம்,” என்றான் ஏழுமலை. “யாரும் பாக்கல. ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க.”

“உங்க தெருவுல மறந்துடுவாங்க. எங்க தெருவுக்கு இன்னிக்கே வராங்க. எங்க அண்ணன் பேரச் சொல்றாங்களாம்டா. அது மூணு நாளா நெல்லிக்குப்பத்துல லோடு ஏத்திக்கினு கீது. ஊர்லயே இல்ல.”

ஏழுமலை தலை குனிந்தான்.

“சொன்னா டி.சி.,” என்றான் சடையன். “எச்.எம். சும்மா சொல்ற ஆளு இல்ல. பயந்துட்டாருன்னா செஞ்சிடுவாரு.”

எனக்குப் பொறுக்கவில்லை. “நான் வேண்டுமானால் அவரிடம் பேசிப் பார்க்கட்டுமா?”

அஞ்சலை என்னை மரியாதையாகத்தான் பார்த்தாள். “சார், கேட்டா பதில் சொல்லலாம்னுதான சார் போட்டிருக்குது? நாங்க இன்னும் கேக்கல சார்.”

முக்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டேன்.

“எங்க மாமாகிட்ட நான் சொல்றேன்,” என்றான் ஏழுமலை கடைசியில். “மிஞ்சிப்போனா இன்னா, நாலு அறை. நான் சொன்னா உன் பேரே வராது.”

“உனக்கு நாலு அறை வுட்டுட்டு, வெளியில போய் மாடு தின்னுடிச்சின்னு சொல்லுவாரு. இன்னிக்கு வரமாட்டாங்க, சரி. அடுத்த வாட்டி கிழிஞ்சா? மறுபடி எங்க தெருதான? அவரு எல்லாருக்கும் முன்னால வெச்சி சொல்லணும். யாரு கிழிச்சது, எதுக்குக் கிழிச்சதுன்னு. அதுக்கு அவரு மொதல்ல இத வந்து பாக்கணும்.”

“பாத்தா மலைய ஒடச்சிட்டாருன்னா?” என்றான் சடையன்.

“ஒடச்சா மறுபடி செய்யலாம். கூட்டிக்கினு வா.”

எங்க ஆளு எங்கடா?

கோதண்டபாணி கனத்த உடம்பு, வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. உரக்கடை வாசம் அவருக்கு ஒரு முழம் முன்னால் வரும். கூடத்துக்குள் நுழையும்போதே அவர் முகம் சிவந்திருந்தது. வழியிலேயே ஏழுமலை பாதியைச் சொல்லிவிட்டான் என்பது அவன் கன்னத்தைப் பார்த்தால் தெரிந்தது.

“சீட்டு ஒட்டினோமேடா! புதுத் தேதி போட்டு!”

“எதுல மாமா ஒட்டினீங்க?”

“கடைப்பையன் ஒட்டினான். கஞ்சியில.”

“கஞ்சியிலயா?” ஏழுமலைக்குத் தொழில்முறையில் கோபமே வந்துவிட்டது. “துத்தம் போடாம கஞ்சியில ஒட்டினா ஆடு வுடுமா மாமா? நக்கித் தின்னுட்டுப் போயிடும். நாலு நாளு நான் ஊர்ல இல்லன்னா ஒரு வேலை நடக்காதா?”

அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒரு விரலால் சரிவைத் தொட்டுப் பார்த்தார்.

“இதுலயா போட்டீங்க?”

“ஆமாங்க,” என்றாள் அஞ்சலை.

“எங்க ஆளு எங்கடா?”

ஏழுமலை எச்சில் விழுங்கினான். கை காட்டினான். “கோமுகி அணைக்குப் பக்கத்துல மாமா. கச்சிராயபாளையத்துலருந்து இது வரைக்கும் போன கூட்டத்துத் தலைவரு போஸ்டருதான். காலையில கிழிச்சது வாளியில ஊறுது.”

“அந்த எதிர்க்கூட்டத்து ஆளு?”

“அவரு... வெள்ளிமலை பக்கம்.”

கோதண்டபாணி குனிந்து அணையைப் பார்த்தார். நிமிர்ந்து வெள்ளிமலையைப் பார்த்தார்.

“அவன் ஏன்டா மேல? நாம ஏன்டா கீழ?”

யாரும் சிரிக்கவில்லை. அவர் நிஜமாகவே கேட்டார்.

சடையன்தான் பதில் சொன்னான். “அணை அடிவாரங்க. வெள்ளிமலை ஒசரம். அதக் கீழ எறக்க முடியாதுங்க. ஆள வேணும்னா மாத்திப் பூசலாம், ஆனா ஏற்கெனவே காஞ்சி போச்சு. பேத்தா ரெண்டு பேரும் சேந்துதான் வருவாங்க.”

அவர் அவனை முறைத்தார். பிறகு வயிறு குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பு என்று புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி, நான் பாத்துக்கிறேன். மாடு தின்னுடிச்சின்னு சொல்லிடறேன்,” என்றார்.

“வேணாங்க,” என்றாள் அஞ்சலை.

சிரிப்பு நின்றது.

“மாடு தின்னிச்சின்னு சொன்னா நம்ப மாட்டாங்க. எங்க தெருவுக்குப் பயந்துகிட்டு நீங்க மாட்டு மேல போட்டுட்டீங்கன்னு பேசுவாங்க. உங்களுக்கும் அது கௌரவம் இல்லீங்க.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அதுவரை பார்த்தாரா என்று தெரியவில்லை.

“யாரு பொண்ணும்மா நீ?”

“ஏரிக்கரைத் தெரு முனுசாமி பொண்ணுங்க. லோடு ஏத்துறவரு.”

“முனுசாமியா? என் கடைக்கும் வருவானே.” துண்டை உதறித் தோளில் போட்டார். “சரி, நடங்க. எல்லாம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையாண்டதான் நிப்பானுங்க.”

“நீ வராத,” என்றான் ஏழுமலை அவளிடம்.

“எங்க தெருவதான சொல்றாங்க? நான் காதால கேக்கணும்,” என்று அவள் முதல் ஆளாய் நடந்தாள்.

தேநீர்க் கடை எதிரில்

பேருந்து நிலையத்துக் கடைக்கு எதிரே இருபது பேர் இருப்பார்கள். சிலர் கையில் தேநீர் இருந்தது. சிலர் கையில் இருந்ததை நான் பார்க்க விரும்பவில்லை. உள்ளே வடை வேகும் வாசனை. இந்த மாதிரி நேரத்திலும் பசி எடுத்தது என்பதை உண்மையாகப் பதிவு செய்கிறேன்.

கோதண்டபாணி நடுவில் போய் நின்று ஏழுமலையை முன்னால் இழுத்தார்.

“போஸ்டர வேற எவனும் கிழிக்கல. என் அக்கா பையன்தான் கிழிச்சான். பள்ளிக்கூடத்துல மலை செய்றானுங்களாம், அதுக்குக் காயிதம் வேணுமாம்.”

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “ஒட்டினவனும் அவன்தான அண்ணே?”

“ஆமா.”

“அப்ப நாம யாரப் போய்க் கேக்கறது? உங்க வூட்டுக்கா?”

சிரிப்பு கிளம்பியது. நான் மூச்சு விட்டேன். ஆனால் முன்னால் நின்ற ஒல்லியான ஆள் ஒருவர் சிரிக்கவில்லை.

“பையன் கிழிச்சான், சரி. சொல்லிக் குடுத்தது யாரு? அந்தத் தெரு பசங்க சம்பந்தம் இல்லாம நடக்குமா?”

ஏழுமலை வாயைத் திறந்தான். அதற்குள் அஞ்சலை முன்னால் வந்தாள்.

“சொன்னது நான்தாங்க. அந்தத் தெருதான். பசங்க இல்ல, பொண்ணு. தேதி தாண்டினா யாருதா இருந்தாலும் கிழிக்கலாம்னு நான்தான் சட்டம் போட்டேன். உங்க சீட்டு வுழுந்து போச்சு. தேதி தாண்டலன்னு தெரிஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டோம்.”

நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். அதற்குச் சுற்றறிக்கையில் தடை ஏதும் இல்லை.

கோதண்டபாணி தன் ஆட்கள் பக்கம் திரும்பினார். “கேட்டுக்கினீங்களா? பொண்ணு சொல்றதுல இன்னா தப்பு? தேதி மாறினா புதுசா அடிச்சி ஒட்டணும். கஞ்சியில சீட்டு ஒட்டினது யாரு? நாம. கலையுங்க, போய் வேலையப் பாருங்க.”

ஒல்லியானவர் ஏதோ முணுமுணுத்தார். தேநீர்க்காரர் சத்தமாகக் குவளை கழுவ ஆரம்பித்தார். ஒருவர் சைக்கிளை எடுத்தார். ஒருவர் எடுத்ததும் மற்றவர்களும் எடுத்தார்கள். ஏரிக்கரைப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

தலைமையாசிரியர் அறை

ஆனால் ஊர் நடுவில் நின்று சொன்ன வார்த்தை பள்ளிக்கூடத்துக்கு வராமல் இருக்குமா? மறுநாள் காலையில் தலைமையாசிரியர் மூவரில் அஞ்சலையின் அப்பாவை மட்டும் அழைத்துவரச் சொல்லிவிட்டார்.

முனுசாமி அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். கரும்புச் சோகை கிழித்த கோடுகள் கை முழுவதும். அஞ்சலை அவர் பக்கத்தில். நான் மேசை ஓரமாக.

“சார், எனக்கு அந்தப் பொண்ணு மேல கோபம் இல்ல,” என்றார் தலைமையாசிரியர் என்னிடம். குரலே அழுகிற மாதிரி இருந்தது. “ஆனா திடல்ல எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். இப்ப விட்டா, நாளைக்கு அவங்க ஆளுங்க வந்து கேட் முன்னால உக்காந்துட்டா நான் என்ன பண்றது? டி.சி.யக் குடுத்து அனுப்பிட்டா பிரச்சனை முடிஞ்சிடும்.”

திட்டத்தில் நடந்ததை எல்லாம் நான் சொன்னேன். மூன்று கேள்விகளையும் சொன்னேன். தேநீர்க் கடை எதிரில் அவள் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். கேட்டுவிட்டு எழுத்தரைக் கூப்பிட மணியை அடித்தார்.

எழுத்தருக்கு முன்னால் உரக்கடை வாசம் வந்தது.

கோதண்டபாணி யாரையும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பின்னால் ஏழுமலையும் சடையனும். வகுப்பை விட்டு ஓடிப்போய் அவரை அழைத்து வந்தது அவர்கள்தான் என்று தெளிவாகத் தெரிந்தது.

தலைமையாசிரியர் பதறி எழுந்தார். “வாங்க, வாங்க. உங்களுக்காகத்தான் நடவடிக்கை எடுத்துக்கிட்டு இருக்கேன். டி.சி. இப்பவே ரெடியாயிடும்.”

“குடுங்க சார். தாராளமா குடுங்க. தேதிய மட்டும் சரியாச் சொல்லிடுங்க.”

“எந்தத் தேதி?”

“டி.சி. குடுக்கிற தேதி. நான் போஸ்டர் அடிக்கணும். பள்ளிக்கூடத்து வாசல்ல மறியல்னு. இந்த வாட்டி துத்தம் போட்டு ஒட்டச் சொல்றேன், ஆடு வாய் வெக்காது.”

தலைமையாசிரியர் அஞ்சலையைக் கைகாட்டினார். “உங்க போஸ்டரக் கிழிச்ச பொண்ணுங்க இது!”

“ஆமா. எங்க போஸ்டரு, நாங்க பேசித் தீத்துக்கினோம். நடுவுல நீங்க யாரு?”

எழுத்தர் வந்து கதவருகில் நின்றார். அவரை உள்ளே வரச் சொல்வதா, போகச் சொல்வதா என்று தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் சன்னலைப் பார்த்தேன்.

அப்போது, வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் நின்ற முனுசாமி, மெல்லக் கனைத்தார்.

“மறியலுன்னா... நானும் வரேங்க.”

கோதண்டபாணி திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, பக்கத்தில் இருந்த இன்னொன்றைக் காலால் அவர் பக்கம் தள்ளினார்.

முனுசாமி உட்கார்ந்தார்.

“ஒருத்தரும் எங்கயும் வர வேணாம்,” என்றாள் அஞ்சலை. தலைமையாசிரியரைப் பார்த்து, “சார், டி.சி. இல்லன்னா நான் கௌம்பட்டுமா சார்? மலைக்கு இன்னும் பெயிண்ட்டே அடிக்கல.”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஏழுமலையையும் சடையனையும் முன்னால் தள்ளிக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்துபோனாள்.